மாலையில் விலகிய பார்வை: பெங்களூரு ஜோடி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பெங்களூரில் தமிழ் பேசும் தம்பதிகளுக்கும் காதலர்களுக்கும் ஆலோசனை வழங்குவது என் பணி. அந்தப் பணியில் வந்த ஒரு நிகழ்வு இது. சம்பந்தப்பட்ட இருவரும் வரைவைப் படித்து, வெளியிடலாம் என்று சம்மதித்திருக்கிறார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியோ நீக்கியோ இருக்கிறேன். ஜோடி ஆலோசனை தருபவர்கள், கண் மருத்துவத்தில் இருப்பவர்கள், "என் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டேன் என்கிறார்" என்ற வேதனையோடு நாளைக் கடத்துபவர்கள் ஆகிய மூன்று தரப்பினரையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

பின்னணி

பெண்ணுக்கு 29 வயது. ஈரோட்டுப் பக்கம் சொந்த ஊர். மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை. இளைஞருக்கு 31. கோலார் தங்கவயல் தமிழ்க் குடும்பம். தாத்தா, அப்பா இருவருமே சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். 2001 பிப்ரவரி கடைசியில் சுரங்கம் மூடப்பட்ட பிறகு அப்பா மாரிக்குப்பத்தில் ரயிலேறி தினமும் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போனார். மகன் பட்டம் படித்து, அயல்நாட்டு வாடிக்கையாளர்களுக்குத் தொழில்நுட்ப உதவி தரும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார். காலை பத்து மணிக்குத் திரை முன் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவு எட்டாகும்.

டேட்டிங் ஆப் வழியாக அறிமுகம். ஒரு வருடத்துக்கும் மேல் பெரும்பாலும் ஞாயிறு காலைகளில்தான் சந்தித்திருக்கிறார்கள். கப்பன் பூங்காவில் ஒரு நடை, பிறகு சிவாஜிநகர் பக்கம் டிஃபன், மதியத்துக்குள் அவரவர் இடம் திரும்பிவிடுவார்கள். ஞாயிறு காலை மட்டும் என்ற இந்த ஏற்பாடு இளைஞருடைய யோசனை. வார நாட்களில் வேலை முடிய நேரமாகிவிடும் என்று காரணம் சொல்லியிருந்தார்; பெண்ணுக்கும் அது நியாயமாகவே பட்டது.

பிறகு சி.வி.ராமன் நகரில் ஒரு படுக்கையறை வீடு எடுத்துச் சேர்ந்து தங்க ஆரம்பித்தார்கள். வீட்டுக்காரரிடம் நிச்சயம் ஆகிவிட்டது என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு வீடுகளிலும் அப்போது யாருக்கும் தெரியாது. அந்த நான்காவது மாதத்தில் பெண் மட்டும் என்னைப் பார்க்க வந்தார்.

முதல் அமர்வில் கேட்டது

"அவன் என்னைப் பார்த்தே பேச மாட்டேங்கறானுங்க மேடம். தட்டைப் பார்ப்பான், ஃபோனைப் பார்ப்பான், சுவத்தைப் பார்ப்பான். நான் எதிர்ல உக்காந்தா எந்திரிச்சு வந்து பக்கத்துல உக்காந்துக்குவான். முன்னாடியெல்லாம் இப்படி இல்லைங்க."

நெருக்கமான நேரங்களைப் பற்றித் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். விளக்கு எரியக் கூடாது. எரிந்தால் கண்ணை மூடிக்கொள்கிறார், இல்லாவிட்டால் முகத்தை இவர் தோளில் பதித்துக்கொள்கிறார். அன்பில்லை என்று சொல்லவும் முடியவில்லை. சமைக்கிறார், காய்ச்சல் என்றால் விடுப்பு எடுத்துக் கூட இருக்கிறார். ஆனால் முகத்தைப் பார்ப்பதில்லை. "வேற யாரையோ நினைச்சுக்கிட்டு இருக்கானோன்னு தோணுதுங்க. இல்லைன்னா என் மூஞ்சி பிடிக்காமப் போயிருச்சோ."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் தனியாகக் குறித்துக்கொண்டேன். கடந்த சில மாதங்களில் அவர் முகப்பருத் தழும்புக்குச் சிகிச்சை எடுக்கத் தொடங்கியிருந்தார், இரவுச் சாப்பாட்டை நிறுத்தியிருந்தார். யாரும் சொல்லாமலே தன் முகத்தில்தான் பிழை என்று தீர்மானித்துவிட்டார்.

ஒரு ரீல்ஸில் பார்த்த பயிற்சியையும் செய்து பார்த்திருக்கிறார்கள். எதிரெதிரே உட்கார்ந்து நான்கு நிமிடம் பேசாமல் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பத்து மணிக்கு மேல். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, இளைஞர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். "என்கிட்ட எதையோ மறைக்கறே" என்று இவர் கத்த, அன்றிரவு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அதன் பிறகுதான் ஆலோசனைக்கு வரும் முடிவு.

முடிவெடுப்பதற்கு முன்

அவர் எதிர்பார்த்து வந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "அவன் பொய் சொல்றானா?" கண்ணைப் பார்க்காதவன் பொய்யன் என்ற நம்பிக்கை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 2006-இல் வெளியான ஓர் ஆய்வு 75 நாடுகளில் 43 மொழிகளில் மக்களைக் கேட்டது. பொய் சொல்பவர் பார்வையைத் தவிர்ப்பார் என்பதே மிகப் பரவலாக இருந்த நம்பிக்கை. ஆனால் பொய்யின் அடையாளங்களைப் பற்றி அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டி உளவியலாளர் பெல்லா டிபாலோவும் உடனாய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், பார்வையைத் தவிர்ப்பதற்கும் பொய்க்கும் நம்பத்தக்க தொடர்பு தென்படவில்லை. இதை அவரிடம் அன்றே சொன்னேன். அவருக்கு அது ஆறுதலாக இல்லை. அப்படியானால் என்னதான் காரணம் என்ற கேள்வி இன்னும் கூர்மையானது.

கண்ணோடு கண் பார்ப்பதை அவர் விரும்புவது சின்னத்தனம் இல்லை என்பதையும் சொன்னேன். உளவியலாளர் ஸிக் ரூபின் 1970-இல் காதலை அளக்க ஒரு அளவுகோல் உருவாக்கியபோது, அதில் அதிக மதிப்பெண் பெற்ற ஜோடிகள் காத்திருப்பு நேரத்தில் ஒருவரையொருவர் கண்ணோடு கண் பார்த்துக்கொண்ட நேரமும் கூடுதலாக இருந்தது. 1989-இல் நடந்த இன்னொரு சோதனையில் முன்பின் தெரியாத ஆணும் பெண்ணும் இரண்டு நிமிடம் அப்படிப் பார்த்த பிறகு ஈர்ப்பு கூடியதாகத் தெரிவித்தார்கள். கண் பார்வைக்கு வேலை இருக்கிறது. ஆனால் இவை கூட்டமாகப் பலரைப் பார்த்துச் சொன்ன முடிவுகள். ஒரு குறிப்பிட்ட மனிதர் ஒரு குறிப்பிட்ட இரவில் ஏன் முகத்தைத் திருப்பினார் என்பதற்கு அவற்றில் விடை கிடையாது.

வராத ஒருவரைப் பற்றி முடிவு சொல்வதில்லை என்பது என் உறுதி. ஆனாலும் சாத்தியங்களை எனக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். மனம் விலகியிருக்கலாம். கூச்சமோ சமூகப் பதற்றமோ இருக்கலாம். ஆட்டிசம் உள்ள சிலருக்குக் கண்ணைப் பார்ப்பதே தாங்க முடியாத தூண்டலாக இருக்கிறது, அதுவும் இருக்கலாம். பெரியவர்கள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கக் கூடாது என்று வளர்த்த வீடாக இருக்கலாம். இந்த எல்லாவற்றுக்கும் எதிராக நின்றது அவர் சொன்ன ஒரு விவரம்: "முன்னாடி இப்படி இல்லைங்க." ஒரு வருடம் ஞாயிறு தவறாமல் நேராகப் பார்த்துச் சிரித்தவருக்குக் கூச்சமோ ஆட்டிசமோ ஒரே வீட்டுக்குக் குடிவந்ததும் புதிதாக வந்துவிடாது.

எனவே காரணம் தேடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு, இரண்டு வாரம் குறிப்பெழுதச் சொன்னேன். என்ன நேரம், எந்த இடம், எப்படிப்பட்ட வெளிச்சம், முகத்தைப் பார்த்தாரா இல்லையா. இவ்வளவுதான். ஏன் என்ற பத்தியே வேண்டாம். சந்தேகத்தில் இருப்பவர் எழுதும் காரணம் எப்போதும் சந்தேகத்தையே கொழுக்க வைக்கும். அந்த நான்கு நிமிடப் பயிற்சியையும் தொடர வேண்டாம் என்றேன். அந்தப் பயிற்சிக்கு மூலமாகக் காட்டப்படும் உளவியலாளர் ஆர்தர் ஆரனின் 1997 கட்டுரையில் இருப்பது 36 கேள்விகளை ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் 45 நிமிடப் பயிற்சி. நான்கு நிமிடக் கண்பார்வை பெரிய அளவில் பரவியது 2015-இல் ஓர் அமெரிக்க நாளிதழில் வந்த அனுபவக் கட்டுரைக்குப் பின். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்த கிட்டத்தட்ட 500 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், அறியாத ஒருவர் தம் கண்ணைப் பார்ப்பது சராசரியாக 3.3 வினாடி வரைதான் இதமாக இருந்தது. காதலர்களுக்கு இது நீளலாம். ஆனாலும் சண்டை நடுவில், களைத்த இரவில், நான்கு நிமிடம் என்பது பரீட்சைதான். நெருக்கம் அதில் வராது.

இரண்டு வாரக் குறிப்பு

குறிப்பேட்டைப் படித்தபோது பெண்ணின் கண்ணுக்கே ஓர் ஒழுங்கு புலப்பட்டுவிட்டது. வேலைக்குக் கிளம்பும் முன் காபி குடிக்கும்போது இளைஞர் முகத்தைப் பார்க்கிறார். ஞாயிறு காலை, வீட்டுக்குள், பார்க்கிறார். தெருவில் வெயிலில் நடக்கும்போது வலக்கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார். இது முதல் நாளிலிருந்தே உள்ள பழக்கம், இவருக்கு அது பிடிக்கவும் செய்திருக்கிறது. இரவு எட்டுக்கு மேல் கிட்டத்தட்ட ஒருநாளும் இல்லை. சளிக்காய்ச்சல் வந்த நாளில் காலையில்கூட இல்லை. நண்பர்களோடு பீர் குடித்துவிட்டு வந்த இரவில் வாசலிலிருந்தே சுவரைப் பார்த்தபடி உள்ளே போயிருக்கிறார்.

முக்கியமான பதிவு ஒரு விடுப்பு நாளுடையது. மதியம் இரண்டு மணி நேரம் நன்றாகத் தூங்கி எழுந்தார். அன்று மாலை அதே வீட்டில், அதே சோபாவில், எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்து ஏழு மணி வரை பேசிக்கொண்டிருந்தார்.

மனம் விலகியவர் மதியம் தூங்கி எழுந்ததும் மாலையில் திரும்பி வந்துவிட மாட்டார். களைப்பு, வெயில், காய்ச்சல், மது என்று இந்த நான்கும் சேர்ந்து வந்தபோது கண்ணின் தசை சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று என்ற ஊகம் எனக்கு வந்தது. அதைப் பெண்ணிடம் சொல்லவில்லை. நான் மருத்துவர் இல்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஊகம் சரியாக இருந்தால் அதைச் சொல்லும் உரிமை அந்த இளைஞருக்கு மட்டுமே உண்டு. அடுத்த அமர்வுக்கு அவரையும் அழைத்து வர முடியுமா என்று மட்டும் கேட்டேன். குறிப்பெழுதிய விஷயத்தை வரும் முன்பே அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பதும் என் நிபந்தனை. சொன்னார். இளைஞர் வருத்தப்பட்டார், ஆனால் வந்தார்.

சேர்ந்து வந்த நாள்

வழக்கமாக வேலைக்குப் போகும் ஜோடிகளுக்கு மாலை நேரம்தான் தருவேன். இவர்களுக்குச் சனிக்கிழமை காலை பத்து மணி கொடுத்தேன். நாற்காலிகளை எதிரெதிரே போடாமல் சாய்வாகப் போட்டு, இளைஞர் முகத்தில் வெளிச்சம் அடிக்காதபடி ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். ஆரம்பத்திலேயே, "பேசும்போது எங்கே வேணும்னாலும் பாருங்க, என்னையோ இவங்களையோ பார்க்கணும்னு இல்லை" என்றேன். சலுகைக்காகச் சொன்னதல்ல. கண்ணைப் பார்த்துக்கொண்டே வார்த்தை தேடுவது மனதுக்கு இரட்டை வேலை என்பதைக் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் காட்டியிருக்கிறார்கள். கடினமான ஒன்றைச் சொல்ல வேண்டியவருக்கு அந்தச் சுமையும் எதற்கு?

வேலை, வீடு, சாப்பாடு என்று கொஞ்ச நேரம் போனது. பிறகு கேட்டேன்: "நாள் பூரா திரையைப் பார்த்தபின் சாயங்காலம் கண்ணு அசந்து போகுமா?"

அவர் பதில் சொல்லவில்லை. என்னிடம் திரும்பக் கேட்டது ஒரே வார்த்தை: "தெரியுதா?"

"இப்போ தெரியலை" என்றேன். உண்மையில் தெரியவில்லை.

அதன் பிறகு அவரே சொன்னார். நான்கைந்து வயதிலிருந்தே களைத்தால் வலக்கண் வெளிப்பக்கம் நழுவும். பாட்டி, மாறுகண் ராசி, வீட்டுக்கு அதிர்ஷ்டம், யாரும் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். பள்ளியில் நடந்த கண் முகாமில் கண்ணாடி எழுதிக்கொடுத்தார்கள். அவருக்கு ஏழு எட்டு வயது. சுரங்கம் மூடப்பட்டு அப்பாவுக்கு வேலை போயிருந்த சமயம். அந்தக் கண்ணாடி உடைந்தபோது வேறொன்று வாங்கவில்லை. வகுப்பில் ஒண்ணரைக்கண்ணு என்று பெயர் வைத்தார்கள். வாத்தியார் ஒருவர் எல்லார் முன்னாலும் "எவனைப் பாத்துடா பதில் சொல்ற?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது என்றார்.

கண் நழுவும்போது அவருக்கு உள்ளிருந்து எதுவும் தெரிவதில்லை. சிறு வயதிலேயே தொடங்கும் மாறுகண்ணில் நழுவிய கண்ணின் காட்சியை மூளை ஒதுக்கிவிடுவதால் பலருக்கு இரட்டையாகத் தெரிவது கிடையாது. எதிரே இருப்பவர் முகத்தை வைத்துத்தான் அவர் கண்டுபிடிக்கிறார். பேசிக்கொண்டிருப்பவரின் பார்வை அவருடைய ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்குத் தாவும், பிறகு தன் தோளுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார். அந்தத் திரும்பல்தான் அவர் வாழ்நாள் முழுக்க அஞ்சிய விஷயம்.

"நான் அவளைப் பார்க்காம இருக்கலை மேடம். அவ திரும்பிப் பார்க்கறதுக்கு முன்னாடி நான் திரும்பிடறேன்."

ஞாயிறு காலைச் சந்திப்புகளின் கதையும் அப்போது தெரிந்தது. சனி இரவு படம் பார்க்க மாட்டார், பத்து மணிக்கே படுத்துவிடுவார், அடுத்த நாள் கண் நேராக நிற்க வேண்டும் என்பதற்காக. டிஃபன் கடையில் எப்போதும் அவளுக்கு வலப்பக்கம் உட்காருவார். நழுவாத இடக்கண் அவள் பக்கம் இருக்கும். சேர்ந்து குடியேறியதும் இந்த ஏற்பாடு எதுவும் எடுபடவில்லை. தினமும் இரவு எட்டு மணிக்கு அவள் அங்கே இருக்கிறாள். முத்தமிடும் தூரத்தில் இரண்டு கண்ணையும் உள்பக்கமாக வளைத்து நிறுத்துவது யாருக்குமே சிரமம். களைத்த கண்ணால் முடியவே முடியாது. விளக்கை அணைப்பது ஒன்றே அவருக்குத் தெரிந்த வழி.

பெண்ணின் கோபம்

இந்த இடத்தில் பெண் நெகிழ்ந்து அழுது அவர் கையைப் பிடித்துக்கொள்வார் என்று படிப்பவர்கள் எதிர்பார்க்கலாம். அப்படி நடக்கவில்லை. அவருக்குக் கடும் கோபம் வந்தது.

"நான் உன்கிட்டக் கேட்டேனே. என்கிட்ட ஏதாச்சும் குறையான்னு அழுதுக்கிட்டுக் கேட்டேனே. அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?"

இளைஞரால் பதில் சொல்ல முடியவில்லை. நான் குறுக்கே போகவில்லை, சமாதானமும் செய்யவில்லை. இதை விளக்க வேண்டும், ஏனென்றால் இந்த நிகழ்வில் நான் எடுத்த முடிவுகளில் இதையே முக்கியமானதாகக் கருதுகிறேன். இளைஞருடைய வலிக்கு ஒரு பெயர் இருந்தது, இருபத்தைந்து வருட வரலாறு இருந்தது, கேட்பவர் எவருக்கும் இரக்கம் வரும். பெண்ணின் வலிக்கு அப்படிப் பெயர் எதுவும் இல்லை. காரணம் தெரிந்துவிட்டதே, இனி நிம்மதிதானே என்று அந்த அறையிலேயே அதைக் கடந்துவிடுவது மிக எளிது. கடந்திருந்தால் அவர் கோபப்படவும் உரிமை இல்லாதவராக வீடு திரும்பியிருப்பார். கண்ணில் குறையுள்ளவரைக் கோபித்துக்கொண்ட கொடுமைக்காரி என்ற குற்ற உணர்வும் மேலே சேர்ந்திருக்கும். இரண்டு வலிகளும் ஒரே மேசையில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அன்று அவர்கள் தனித்தனி ஆட்டோவில் போனார்கள்.

அடுத்த வாரம் பெண்ணைத் தனியாகச் சந்தித்தேன். "அவன் கண்ணு எப்படி இருந்தாலும் எனக்கு ஒண்ணுமில்லைங்க மேடம். நாலு மாசம் கண்ணாடி முன்னாடி நின்னு என் மூஞ்சியையே வெறுத்தேனே, அது எந்தக் கணக்குலங்க சேரும்?" என்று கேட்டார். எந்தக் கணக்கிலும் சேர்க்காமல் அதைத் தனியாகவே பேசினோம். தன்னை அவர் எப்போதிலிருந்து மற்றவர் பார்வையை வைத்து எடைபோடத் தொடங்கினார், பெண் பார்க்க வந்து திரும்பிப் போன ஓர் இடம், அப்போது அத்தை சொன்ன ஒரு வார்த்தை என்று அது வேறு திசையில் நீண்டது. முகச் சிகிச்சையைத் தொடர்வதா வேண்டாமா என்பதை இளைஞரோடு முடிச்சுப்போடாமல் தானே முடிவு செய்ய வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். இரவுச் சாப்பாடு அந்த வாரமே திரும்பியது.

இளைஞரைத் தனியாகச் சந்தித்தபோது அவரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: அவள் அழுது கேட்ட அந்த இரவுக்கு என்ன சொல்லப்போகிறீர்கள்? அதற்கு என் அறையில் பதில் வேண்டாம், வீட்டில் அவளிடம் சொல்லுங்கள் என்றேன். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அதற்கடுத்த முறை ஒன்றாகவே வந்தார்கள்.

கண் மருத்துவரிடம்

மாறுகண் பிரிவு உள்ள ஒரு கண் மருத்துவமனைக்கு அனுப்பினேன். ஒரு கண்ணை மறைத்து மறு கண்ணின் அசைவைப் பார்க்கும் சோதனை செய்து, விட்டுவிட்டு வரும் வெளிமாறுகண் என்று உறுதி செய்தார்கள். வெயிலில் ஒற்றைக் கண்ணை மூடுவது இந்த வகையின் நன்கு அறியப்பட்ட அடையாளம். கிட்டப்பார்வையும் இருந்தது, கண்ணாடி போடாமல் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறார். நல்வாய்ப்பாக வலக்கண்ணின் பார்வைத்திறன் குறைந்திருக்கவில்லை. மாறுகண் எந்நேரமும் இருக்கும் குழந்தைகளுக்கு அந்தக் கண், மூளை அதைப் பயன்படுத்தாமல் பார்வை மங்கும் சோம்பேறிக் கண்ணாகிவிடும் அபாயம் உண்டு. ஏழு எட்டு வயதுக்குள் கவனித்தால் மீட்பது எளிது, வயது ஏற ஏறக் கடினம். ராசி என்று விட்டுவைக்கும் வீடுகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனப்பூர்வமாக விரும்புகிறேன்.

மருத்துவர் மூன்று வழிகளைச் சொன்னார்: சரியான கண்ணாடி, கண்களை உள்பக்கம் குவிக்கும் பயிற்சி, தேவைப்பட்டால் தசை அறுவைச் சிகிச்சை. அறுவை பெரியவர்களுக்கும் செய்யலாம், அழகுக்காக மட்டும் செய்வது என்று நினைக்க வேண்டியதில்லை. ஆனால் சிலருக்குக் காலப்போக்கில் கண் மறுபடி நழுவலாம், ஆரம்பத்தில் சில காலம் இரட்டையாகத் தெரியலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். முதலில் கண்ணாடியும் பயிற்சியும் என்று இளைஞர் தேர்ந்தெடுத்தார்.

வீட்டில் செய்துகொண்ட ஏற்பாடு

இதில் இருவருக்கும் இழுபறி இருந்தது. கண் நழுவினால் "போகுது" என்று தான் சொல்லிவிடுவதாகப் பெண் முன்வந்தார். உதவியாக இருக்கும் என்று நினைத்தார். இளைஞருக்கு அது வாத்தியாரின் குரலாகவே கேட்டது. பல நாள் பேசி முடிவுக்கு வந்தார்கள்: அவள் சொல்லக் கூடாது. அவருக்கே களைப்பு தெரியும்போது "கண்ணு அசருது" என்று அவர் சொல்வார். சொன்னபின் அவர் எங்கே பார்த்தாலும், கண்ணை மூடிக்கொண்டாலும், அதற்கு அர்த்தம் தேடக் கூடாது. இந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்வது அவருக்கு முதலில் மிகக் கடினமாக இருந்தது.

பெண் கேட்ட ஒரு கேள்வியிலிருந்துதான் இறுக்கம் தளர்ந்தது. என் எதிரிலேயே கேட்டார்: "நான் உன்னோட எந்தக் கண்ணைப் பார்க்கட்டும்?" இளைஞர் இடக்கண்ணைத் தொட்டுக் காட்டினார். நாம் யாருமே ஒரே நேரத்தில் ஒருவரின் இரண்டு கண்களையும் பார்ப்பதில்லை. ஒன்றைப் பார்த்து, பிறகு மற்றதற்குத் தாவுகிறோம். அந்தத் தாவல்தான் அவரை உறுத்தியது. எந்தக் கண் என்று தெரிந்துவிட்டால் தாவத் தேவையில்லை, பின்னால் திரும்பிப் பார்க்கவும் தேவையில்லை. இத்தனை வருடத்தில் இதை யாரும் அவரிடம் கேட்டதில்லையாம்.

பின் நடந்தது

சுமார் மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகு மாலை நேரத்தில் கண்ணை நேராக நிறுத்தும் கட்டுப்பாடு ஓரளவு கூடியிருப்பதாக மருத்துவர் குறித்தார். வேலை அதிகமான வாரங்களில் பழையபடி நழுவுகிறது. கண்ணாடி போட்டதில் தலைவலி குறைந்தது; வெயிலுக்கு நிறக்கண்ணாடி உதவுகிறது. அறுவையைப் பற்றிய முடிவைத் தள்ளிவைத்திருக்கிறார். "எனக்காகச் செய்யறேனா, ஊருக்காகச் செய்யறேனான்னு தெளிவாகட்டும்" என்றார். பெண் அதில் எந்தப் பக்கமும் தள்ளவில்லை.

படுக்கையறையில் சிறிய விளக்கு ஒன்று இப்போது எரிகிறது. அதை வாங்கி வந்தவர் இளைஞர். எல்லா நாளும் எரிவதில்லை என்றார் பெண், குறையாகச் சொல்லவில்லை.

இரு வீட்டிலும் சொன்னார்கள். சாதி பற்றிய பேச்சு மாதக்கணக்கில் ஓடியது. அது இந்த ஆய்வுக்கு வெளியே. கண்ணைப் பற்றிப் பெண்ணின் அம்மா கேட்டது, பிறக்கும் குழந்தைக்கும் வருமா என்பது. மாறுகண் குடும்பங்களில் தொடர வாய்ப்புண்டு, ஆனால் வந்தே தீரும் என்பதில்லை. சிறு வயதிலேயே கண் பரிசோதனை செய்தால் போதிய நேரம் கிடைக்கும் என்று மருத்துவர் சொன்னதை இருவரும் அப்படியே சொல்லியிருக்கிறார்கள். நிச்சயதார்த்தப் புகைப்படங்களை மதியத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று இளைஞரே புகைப்படக்காரரிடம் காரணத்தோடு கேட்டுக்கொண்டார்.

என் பணியில் மாறுபவை

முதல் சந்திப்பில் நிரப்பும் படிவத்தில் தூக்கம், மருந்து, மது பற்றிக் கேட்பதுபோல இப்போது பார்வையும் செவித்திறனும் பற்றிக் கேட்கிறேன். காது கொஞ்சம் மந்தமான கணவர் அலட்சியக்காரராகிவிடும் வீடுகளையும் பார்த்திருப்பதால் இரண்டையும் சேர்த்தேன். குறிப்பெழுதும் வேலையை ஒருவரிடம் மட்டும் தருவதில்லை. இருவரும் அறிய, இருவரும் எழுத வேண்டும். தன்னைப் பெண் கவனித்தெழுதியதில் பட்ட வருத்தத்தை இந்த இளைஞர் ஒளிக்காமல் சொன்னதால் வந்த மாற்றம் இது.

கண்பார்வைப் பயிற்சியை வீட்டில் செய்யச் சொல்லும் முன், அது யாருக்கு ஏன் கடினமாக இருக்கலாம் என்று இருவரையும் கேட்கிறேன். காணொளி அமர்வுகளில் கண்பார்வையை வைத்து எதையும் குறித்துக்கொள்வதில்லை. திரையில் தெரியும் என் கண்ணைப் பார்ப்பவர் கேமராவைப் பார்க்க முடியாது. எனக்கு அவர் கீழே பார்ப்பதாகவே தெரியும். தூரத்து ஊர்களில் இருந்தபடி காதலிப்பவர்கள் வீடியோ அழைப்பில் "என்னைப் பார்க்கவே இல்லை" என்று சண்டையிடுவதில் பாதி இந்த இடைவெளியிலிருந்து வருவது.

கண் மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். மாறுகண்ணோடு வரும் பெரியவர்களிடம் இரட்டையாகத் தெரிகிறதா, தலை வலிக்கிறதா என்று கேட்கும்போது, வீட்டில் உள்ளவரோடு முகம் பார்த்துப் பேச முடிகிறதா என்றும் கேளுங்கள். இந்த இளைஞரை அப்படி யாராவது கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன் என்றார்.

வரைவைப் படித்தபின் இருவரும் ஆளுக்கொரு திருத்தம் கேட்டார்கள். பாட்டியைக் குறை சொல்வதுபோல் எழுத வேண்டாம், பேரனை ஊர் கேலி செய்யக் கூடாதென்றுதான் அவர் ராசி என்று சொல்லி வைத்தார் என்றார் இளைஞர். கோபத்தைப் பற்றிய பகுதியைச் சுருக்கியிருந்தேன். அதை முழுதாகப் போடச் சொன்னார் பெண். போட்டிருக்கிறேன்.